ஒரு வாரம் பார்க்கலாம்

காலை ஐந்தரைக்கு எல்முராத் எழுந்துகொள்கிறான். கெண்டியில் தண்ணீர் வைக்கிறான். அது கொதிப்பதற்குள் இரண்டு பால் புட்டிகளையும் சோடா உப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்க்கிறான். கொதித்த நீரை ஆறவைத்து, நூற்றைம்பது மில்லிக்கு ஐந்து கரண்டிப் பால்மாவு போட்டுக் கட்டி தட்டாமல் குலுக்குகிறான். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறான். அனோரா கண்ணைத் திறக்காமலே குடித்து முடிக்கிறாள். அவளுக்குப் போன வாரம் ஒரு வயது முடிந்தது.

பிறகு வாளித் தண்ணீரை முற்றத்தில் தெளித்து, திராட்சைப் பந்தலிலிருந்து வாசல் கதவு வரைக்கும் பெருக்குகிறான். கதவுக்கு வெளியே தெருவில் நாலடி. அதற்குமேல் அடுத்த வீட்டு எல்லை. துடைப்பத்தை நிழலான பக்கம் சாய்த்து வைக்கிறான். முந்தின நாள் ரொட்டியைப் பிய்த்து, பச்சைத் தேநீர் குடிக்கிறான். சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். ஏழு நாற்பதுக்குப் பள்ளிக்கூடம் கிளம்புகிறான்.

ஆண்பிள்ளை முற்றம் பெருக்கினால் அந்திஜான் நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தெருவே கூடிச் சிரிக்கும். அதனால்தான் வெளிச்சம் வருவதற்குள் முடித்துவிடுகிறான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு முனிரா அக்கா ஒருநாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த வேலைகள் ஹிலோலாவுடையவை. அவனுடைய மனைவி. ஏப்ரலில் செத்துப்போனாள். இருபத்து மூன்று வயது.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவாள். கடிகாரம் வைக்கமாட்டாள். கல்யாணமான நாற்பது நாளும் விடிகாலையில் மாமியார், பெரியவர்கள் முன்னால் நெஞ்சில் கைவைத்து மூன்று முறை குனிந்து வணங்க வேண்டும் என்பது வழக்கம். அதற்குள் முற்றம் பெருக்கியிருக்க வேண்டும், தேநீர் தயாராக இருக்க வேண்டும். ஹிலோலா அதோடு மாட்டுக்குத் தீவனமும் வைத்துவிட்டு, கன்னம் சிவக்க, மூச்சு வாங்க வந்து குனிவாள். "இந்தப் பொண்ணுக்குள்ள யாரோ மோட்டார் வெச்சு அனுப்பியிருக்காங்க," என்று எல்முராத்தின் அம்மா ஸபோஹத் தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். அப்போது அது பெருமை.

எல்முராத் உயிரியல் ஆசிரியன். மோட்டார் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்ததுபோல் இரண்டு சின்னச் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. பொழுது விடியுமுன் அவை ஒரு சாற்றை இரத்தத்தில் விடுகின்றன. சர்க்கரை ஏறுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, கண் திறக்கிறது. மனிதனை எழுப்புவது கடமை இல்லை, மாமியாரும் இல்லை. கார்டிசால். அந்தச் சுரப்பிகளும் தாமாக வேலை செய்வதில்லை. மூளையின் அடியில் ஒரு பட்டாணி அளவு பிட்யூட்டரி இருக்கிறது. அது உத்தரவு போட்டால்தான் மற்றதெல்லாம் சுரக்கும். பால், மாதவிலக்கு, உடம்பின் சூடு, காலையில் எழுந்திருப்பது எல்லாம் அந்தப் பட்டாணியின் கையில். எட்டாம் வகுப்புப் பாடம். வருடம் தவறாமல் நடத்துகிறான்.

அக்டோபரில் அனோரா பிறந்தாள். குழந்தை வந்த பிறகும் இரத்தம் நிற்கவில்லை. நாலு பை இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தாள். பிழைத்துவிட்டாளே என்பதில் எல்லாருக்கும் அத்தனை சந்தோஷம். அதனால் பால் சுரக்காததை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாற்பது நாள் தாய்வீட்டில் இருந்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். மோட்டார் நின்றுபோயிருந்தது.

ஏழு மணிக்கு எழுப்பினால் எட்டுக்குக் கண் திறந்தாள். எழுந்தால் சுவரைப் பிடித்தாள். அடுப்பு எரியும் அறையில் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடுங்கினாள். குழந்தை பக்கத்தில் கிடந்து கத்தும், இவள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். தோல் மெழுகுபோல் வெளுத்தது. புருவத்தின் ஓரத்து முடி உதிர்ந்தது. மாதவிலக்கு வரவேயில்லை.

"பசு கன்னு போட்டா பால் தருது. ஆடு தருது. நாய்கூடத் தருது," என்று ஸபோஹத் பால்மாவு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் சொன்னாள். "நம்ம வீட்டுக்குத்தான் டப்பாவுல வருது."

முனிரா அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்: "என்ன ஸபோஹத் அக்கா, நீங்களே பெருக்குறீங்க? மருமக இன்னும் தாய்வீட்டுலயா?"

"உள்ளதான் இருக்கா. மகாராணி. எட்டு மணிக்குத் தரிசனம். வேணும்னா வந்து நீயும் மூணு தடவ குனிஞ்சுட்டுப் போ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. ஹிலோலாவுக்குக் கேட்டது. எல்முராத்துக்கும் கேட்டது. அவன் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

அவனுக்கும் எரிச்சல்தான். அதை மறைத்துப் பயனில்லை. படித்த பெண், நல்ல பெண் என்று கட்டிக்கொண்டோம், இப்படிப் படுத்துக்கொண்டாளே என்று நினைத்தான். ஒருநாள் காலையில் போர்வையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். அவள் கோபப்படவில்லை. வெறுந்தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க. உடம்பு கேக்க மாட்டேங்குது," என்றாள். குரல்கூடக் கம்மிப்போயிருந்தது, பாதாளத்திலிருந்து வருகிறதுபோல.

மார்ச் முதல் வாரத்தில், வாளியோடு குழாயடியில் மயங்கி விழுந்தாள். உதடு கிழிந்தது. அதற்குப் பிறகுதான் அந்திஜானுக்குக் கூட்டிப்போனான்.

சுரப்பி மருத்துவர் குல்ச்செஹ்ரா ஐம்பது வயதுக்காரி, வேகமாகப் பேசுகிறவள். ஹிலோலாவின் புருவத்தைத் தடவிப் பார்த்தாள், அக்குளைப் பார்த்தாள், இரத்தம் எடுத்தாள். முடிவுகள் வந்ததும் எல்முராத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "பிரசவத்துல நிறைய ரத்தம் போச்சா?"

"ஆமா டாக்டர்."

"பால் வந்துச்சா?"

"ஒரு சொட்டு இல்ல."

"அஞ்சு மாசமா என்னப்பா பண்ணிட்டிருந்த? நீ என்ன வேலை பாக்குற?"

"ஸ்கூல் டீச்சர்."

"என்ன பாடம்?"

அவன் சொன்னான். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. ஒரு தாளில் மண்டையோடு வரைந்து அடியில் ஒரு புள்ளி வைத்தாள். கர்ப்ப காலத்தில் அந்தச் சுரப்பி பருத்துவிடும், அப்போது இரத்தம் வடிந்துபோனால் அதற்குப் போகிற இரத்தமும் நின்று வாடிச் செத்துவிடும் என்றாள். "தலைமை ஆபீஸ் மூடியாச்சு. கீழ இருக்குற கிளையெல்லாம் உத்தரவு வரலன்னு சும்மா உக்காந்திருக்கு. இவ சோம்பேறி இல்ல. நடந்து என் ரூமுக்குள்ள வந்தாளே, அதுவே பெரிய விஷயம்."

ஹிலோலா அப்போது அழுதாள். நோய்க்காக அழவில்லை. சோம்பேறி இல்லை என்று ஒரு ஆள் சொன்னதற்காக.

இரண்டு மாத்திரைகள் எழுதித் தந்தாள் குல்ச்செஹ்ரா. வெள்ளை மாத்திரை, கார்டிசாலுக்குப் பதிலாக. ஒரு வாரம் கழித்து அதோடு சேர்த்துச் சின்ன மாத்திரை, தைராய்டுக்கு. "நல்லாக் கேட்டுக்கோ, வாத்தியாரே. வெள்ளைய ஒருநாளும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தா ரெட்டிப்பு. வாந்தி எடுத்தா அன்னைக்கே ஊசி. முக்கியமா ஒண்ணு. வெள்ளை இல்லாம சின்னத மட்டும் குடுத்துடாத. தைராய்டு வண்டிய வேகமா ஓட்டும். உள்ள எண்ணெய் இல்லாம வேகமா ஓட்டினா என்ன ஆகும்?"

"எஞ்சின் போயிடும்."

"எழுதிக்கோ."

எழுதிக்கொண்டான். அவன் கையெழுத்து அழகானது. வெள்ளை இல்லாமல் சின்னது கூடாது என்று எழுதி அடிக்கோடும் போட்டான்.

மூன்று வாரத்தில் ஹிலோலா திரும்பி வந்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். எங்கோ போயிருந்தவள் வந்ததுபோல. காலையில் ஆறு மணிக்கு எழுந்தாள். பசிக்கிறது என்றாள். அனோராவைத் தூக்கி மேலே போட்டுப் பிடித்தாள். கொஞ்சம் முகம் உப்பியது, அவ்வளவுதான். ஒருநாள் கேரட் நறுக்கிக்கொண்டே பாடினாள். சுருதி சேராது. அவள் எப்போதும் அப்படித்தான் பாடுவாள்.

அந்தச் சனிக்கிழமை ஸபோஹத் சமையலறை அலமாரியைச் சுத்தம் செய்தாள். அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த வியாழக்கிழமை தெருப் பெண்களின் மாதக் கூட்டம் அவள் வீட்டில். ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டில் கூடித் தின்று பேசிப் போவார்கள். போகிறபோது அந்த வீட்டு மருமகளை எடை போட்டுக்கொண்டு போவார்கள். அலமாரியில் மாத்திரைப் பெட்டி கையில் கிடைத்தது. ரஷ்ய மொழித் துண்டுச்சீட்டை விரித்து, கண்ணாடியை மாட்டி, முதல் வரியைப் படித்தாள்.

"எல்முராத்! இங்க வாடா. இது என்னது?"

"ஹிலோலாவோட மாத்திரைம்மா."

"அது தெரியுது. இதுல ஹார்மோன்னு போட்டிருக்கே?"

"ஆமா."

"ஆமாவா? எவ்வளவு அமைதியா ஆமாங்கிறான் பாரு! எங்க சித்தி மக ஜுஹ்ராவுக்கு இழுப்புக்குக் குடுத்தாங்களே, அந்தச் சனியன்தானே இது? மூஞ்சி தந்தூர் ரொட்டியாட்டம் ஊதிப்போச்சு. மேலுதட்டுல மீசை வேற. ரஷ்யாவுக்குப் போன அவ புருஷன் இன்னும் திரும்பல."

"அவன் அதுக்கு முன்னாடியே போயிட்டான்மா."

"போனது வேலைக்கு. திரும்பாதது மீசைக்கு."

எல்முராத் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பிலேயே பாதிச் சம்மதம் கொடுத்தாகிவிட்டது.

ஸபோஹத் குரலைத் தணித்தாள். கேலி எல்லாம் போய்விட்டது. "கண்ணு, எனக்கு நீ ஒரே பிள்ளை. உனக்கு இருக்கிறது ஒரு பொண்ணு. ஹார்மோன் தின்னவளுக்கு வயிறு திறக்காதுடா. ஜுஹ்ராவுக்கு அதுக்கப்புறம் ஒண்ணுகூட நிக்கல. இவளுக்குத்தான் இப்ப உடம்பு தேறிடுச்சே? எந்திரிக்கிறா, நடக்கிறா, பாடுறா. இன்னும் எதுக்கு இந்த விஷம்? அந்தச் சின்ன மாத்திரை என்ன?"

"அது தைராய்டுக்கு."

"அயோடின்தானே? அது இருக்கட்டும். நானே எத்தன வருஷம் தின்னேன், கழுத்துல கழலை வந்தப்போ."

மலைகளுக்கு நடுவே கிடக்கிற அந்தப் பள்ளத்தாக்கு ஊர்களில் மூன்று வீட்டுக்கு ஒரு கழலைக் கழுத்து உண்டு. தைராய்டு மாத்திரை தெரியாத கிழவி கிடையாது. அதை எல்லாரும் அயோடின் என்பார்கள். உப்பு, சர்க்கரை மாதிரி. அதுவும் ஹார்மோன்தான் என்று சொல்ல எல்முராத் வாயைத் திறந்தான். சொல்லியிருந்தால் அம்மா அதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருப்பாள். இரண்டையும் தூக்கிப் போட்டிருந்தால் ஹிலோலா படுக்கையில் விழுந்திருப்பாள், எல்லாருக்கும் தெரிந்திருக்கும், மறுபடி அந்திஜானுக்குப் போயிருப்பார்கள். இதை அவன் பிற்பாடுதான் கணக்குப் போட்டான். அன்றைக்கு அவன் சொன்னது ஒன்றுதான்.

"ஒரு வாரம் பார்க்கலாம்."

வெள்ளை மாத்திரைகளை ஸபோஹத் அடுப்பில் போட்டாள். அட்டை உருகி நாற்றம் அடித்தது. அவன் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

அடுத்த நாள் காலை ஹிலோலா கையை நீட்டினாள். அதில் ஒரு மாத்திரைதான் விழுந்தது.

"வெள்ளை?"

"ஒரு வாரம் பார்க்கலாம்னு இருக்கோம்."

"டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாங்களே."

"நானும் அங்கதானே இருந்தேன்? எனக்கும் கொஞ்சம் தெரியும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். மருமகள் எதிர்த்துப் பேசுகிற வீடு இல்லை அது. தவிரவும் அவள் அவனை நம்பினாள். உயிரியல் ஆசிரியன்.

மூன்றாம் நாள் அவள் மறுபடி தளர்ந்தாள். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. எல்முராத் யோசித்தான். சின்ன மாத்திரையை இரண்டாக்கினான்.

வேலை செய்தது. அதுதான் கொடுமை. ஹிலோலாவின் உள்ளங்கை சூடானது. கன்னத்தில் சிவப்பு வந்தது. தூக்கம் போனது. நாலரைக்கே எழுந்து உட்கார்ந்தாள். முற்றத்தை வேகவேகமாகப் பெருக்கினாள். நின்று மூச்சு வாங்கினாள், மறுபடி பெருக்கினாள். கை நடுங்கியதில் பீங்கான் கிண்ணம் ஒன்று உடைந்தது. "உடைஞ்சா உடையட்டும், மருமக எந்திரிச்சாளே!" என்றாள் ஸபோஹத். முதல்முறையாக அவளுக்குத் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். "பாத்தியாடா? விஷத்த நிறுத்தினோம், ரத்தம் ஊறிடுச்சு."

எல்முராத் ஹிலோலாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான். நூற்றுப் பதினெட்டு. பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினான்.

பள்ளிக்கூடத்து வாசலுக்கு எதிரே மருந்துக்கடை. வெள்ளை மாத்திரையை அங்கே சீட்டில்லாமலே தருவார்கள். நாலு ரொட்டி விலை. காலையில் போகும்போது ஒருமுறை, மதியம் திரும்பும்போது ஒருமுறை அதைக் கடந்தான். வாங்கி, சட்டைப்பையில் வைத்து, அம்மாவுக்குத் தெரியாமல் கொடுத்திருக்கலாம். இரண்டுமுறை கடைப்படிவரை போனான். ஒருமுறை உள்ளே போய்ப் பல் மருந்து வாங்கி வந்தான்.

ஒன்பதாம் நாள் காலை ஹிலோலா வாந்தி எடுத்தாள். தேநீர், ரொட்டி, பிறகு வெறும் மஞ்சள் நீர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் சுருண்டாள். ஸபோஹத் ஓடிவந்தாள். நின்றாள். முகம் அப்படியே மலர்ந்தது.

"எத்தன நாளாச்சு பொண்ணே, தலைக்குக் குளிச்சு?"

"பிரசவத்துலேருந்தே இல்லம்மா."

"அடி அசடே, அது இல்ல இது! இது மசக்கைடி! மசக்கை!" அவளைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டாள். "ஹார்மோன நிறுத்தி ஒம்பது நாள். கடவுள் எப்படிக் கண்ணத் தொறந்தாரு பாரு!"

வேலிக்கு அந்தப் பக்கம் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல செய்தி கொண்டுவருகிறவருக்குப் பரிசு தர வேண்டும் என்பது ஊர் வழக்கம். முனிரா அக்கா பள்ளிக்கூடத்து வாசலுக்கே போய் எல்முராத்தை மடக்கினாள்.

"என்ன தருவ? சொல்லு, என்ன தருவ? வெறுங்கையோட கேக்க முடியாது!"

"என்ன விஷயம் அக்கா?"

"அப்பன் ஆகப்போற! இந்தத் தடவ பையன், எழுதி வெச்சுக்கோ. பொண்ணாப் பொறந்தா என் தலைத்துணியத் திருப்பித் தர்றேன்."

"தலைத்துணியா?"

"நீ வாங்கித் தரப்போற தலைத்துணி!"

அவன் வாங்கிக் கொடுத்தான். பச்சைப் பூப்போட்டது. கொடுக்கும்போதே அவனுக்குத் தெரியும். பிட்யூட்டரி செத்த உடம்பில் கருமுட்டை முதிராது. உத்தரவு போட ஆள் இல்லை. கர்ப்பம் இல்லை. அது மசக்கை வாந்தியும் இல்லை. குல்ச்செஹ்ரா சொன்ன வாந்தி அது. அன்றைக்கே ஊசி போட வேண்டிய வாந்தி.

வீட்டுக்கு வந்தான். சொல்லிவிடுவது என்றுதான் வந்தான். ஸபோஹத் கதவிலேயே நின்றாள். கையில் உலர்ந்த பாதாமிப் பழம், வாயெல்லாம் சிரிப்பு. அப்பா செத்த பிறகு அந்த முகத்தில் அவன் பார்க்காத சிரிப்பு. "வாடா என் சிங்கமே," என்றாள்.

கூட்டம் முடியட்டும் என்று நினைத்தான். மூன்று நாள்தானே.

அந்த மூன்று நாளும் ஹிலோலாவை யாரும் வேலை செய்யச் சொல்லவில்லை. மெத்தை மேல் மெத்தை போட்டுப் படுக்கவைத்தார்கள். புளித்த தயிர், ஊறுகாய், மாதுளை எல்லாம் வந்தது. எதுவும் உள்ளே நிற்கவில்லை. "நல்லது, நல்லது. எவ்வளவு வாந்தியோ அவ்வளவு முடி பிள்ளைக்கு," என்றாள் முனிரா அக்கா. அவளைச் சோம்பேறி என்று யாரும் சொல்லாத மூன்று நாட்கள் அவை.

புதன்கிழமை சாயங்காலம் எல்முராத் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஹிலோலா சொன்னாள்:

"நான் கர்ப்பமா இல்ல."

"ம்."

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

அவன் போர்வையைச் சரி செய்தான்.

"நாளைக்கு எல்லாரும் வந்து வாழ்த்துவாங்க. அப்புறம் இல்லன்னு தெரிஞ்சா அம்மா என்னை உயிரோட விடமாட்டாங்க. நீங்க சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. அப்புறம் என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

"சொல்றேன். காலைல."

காலையில் ஸபோஹத் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கீரை சம்சா, நூறு. அவன் வாசற்படியில் நின்றான். "என்னடா?" என்றாள். "ஒண்ணுமில்ல, சாவி," என்றான். சாவி கையில்தான் இருந்தது.

அன்றைக்கு எட்டாம் வகுப்புக்கு நாளமில்லாச் சுரப்பிகள் பாடம். பாடத்திட்டத்தில் அந்த வாரம்தான் வந்தது. படத்தை மாட்டினான். தைராய்டு, கணையம், அட்ரீனல் ஒவ்வொன்றாகக் குச்சியால் தொட்டான். பிட்யூட்டரியைத் தொட்டு, இது பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் மாதிரி என்றான். எல்லா வருடமும் சொல்வதுதான்.

முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். "சார், தலைமையாசிரியர் வராத அன்னைக்கு நாங்க ஜாலியாத்தானே இருக்கோம்?"

வகுப்பு சிரித்தது. எல்முராத்தும் சிரித்தான்.

"கொஞ்ச நாளைக்கு," என்றான்.

ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தான். வாசலில் இருபது ஜோடிச் செருப்பு. ஹிலோலாவின் அறைக்குள் போனான், சிறிது நேரம் இருந்தான். மூன்று மணிக்கு அவளுக்கு நினைவு தப்பியது. ஆம்புலன்ஸ் மூன்றே முக்காலுக்கு வந்தது. அதில் வந்த மருத்துவ உதவியாளன் இளைஞன், களைத்த கண்கள். இரத்த அழுத்தம் பார்த்தான், மறுபடி பார்த்தான், கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டினான்.

"கர்ப்பம்!" என்று ஸபோஹத் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். "மசக்கை அதிகம் தம்பி, மூணு நாளா ஒண்ணும் நிக்கல!"

"வேற ஏதாவது நோய் இருக்கா? ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?"

அவன் எல்முராத்தைப் பார்த்துத்தான் கேட்டான். அறையில் பதினைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். பச்சைப் பூத் தலைத்துணி கட்டிக்கொண்டு முனிரா அக்கா முன்னால் நின்றாள்.

"தைராய்டு மாத்திரை," என்றான் எல்முராத்.

"வேற?"

"வேற இல்ல."

அது உண்மைதான். பன்னிரண்டு நாளாக வேறு இல்லை.

இளைஞன் உப்பு நீர் ஏற்றினான். அவனுடைய பெட்டி திறந்தே இருந்தது. மேல்தட்டில், இடமிருந்து மூன்றாவதாக, அந்த வெள்ளை மாத்திரையின் பெயர் எழுதிய ஊசிமருந்துக் குப்பிகள் ஆறு இருந்தன. எல்முராத் பெயரைப் படித்தான். எண்ணினான். இளைஞன் பெட்டியை மூடினான். ஹிலோலாவை வண்டியில் ஏற்றினார்கள். ஊர் எல்லைப் பாலம் தாண்டும்போது வண்டியில் இருந்த இளைஞன் ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொன்னான். அவசரம் முடிந்துவிட்டது.

மறுநாள் மதியத்துக்குள் அடக்கம் செய்தார்கள். வயிற்றுப் பிள்ளையோடு போனாள் என்று தெரு முழுக்க அழுதது. அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து ஓதினார்கள். எல்முராத் திருத்தவில்லை. ஸபோஹத் உண்மையாகவே அழுதாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஏழாம் நாளும், இருபதாம் நாளும், நாற்பதாம் நாளும் துக்கம் கேட்க வந்த பெண்களிடம் அவள் ஒரே கதையைச் சொன்னாள். சாகிறவர்கள், பக்கத்தில் இருப்பவர்களிடம் மனத்தாங்கல் இல்லையே என்று கேட்டுக்கொண்டு போவது நல்ல சாவுக்கு அடையாளம். "என் கையப் புடிச்சா. 'அம்மா, என் மேல வருத்தம் இல்லாம இருங்க'ன்னா. 'எனக்கு ஒரு வருத்தமும் இல்லடி, என் பொண்ணே, நீ போயிட்டு வா'ன்னேன். அதுதான் அவ கடைசியாப் பேசினது." பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்றாவது முறை சொல்லும்போது ஸபோஹத் அதை முழுக்க நம்பினாள். அது நிஜமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. எல்முராத்தையும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் கடைசிப் பேச்சு அவனோடுதான் நடந்தது. வியாழக்கிழமை, ஒன்றே முக்கால் மணி. அடுத்த அறையில் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சம்சா வாசனை கதவுவழியாக வந்தது. ஹிலோலா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். உதடு நீலம். அவன் உட்கார்ந்த அசைவில் விழித்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்," என்றான் எல்முராத்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சரின்னாங்க."

அடுத்த அறையில் யாரோ ஹிலோலாவின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அவன் பக்கமாக நீட்டினாள்.

"வெறும் சரின்னுதானா? அப்ப கோவமாத்தான் இருப்பாங்க. கையக் குடுங்க, எந்திரிச்சிக்கிறேன். வந்தவங்களுக்கு டீயாவது ஊத்துறேன்."